பின்சக்கரங்கள் கொஞ்சம் அகலம்

சோதனைக்கார மர்டோ எதுவும் பேசவில்லை.
பின்டயரின் பள்ளத்தில்
ஒரு பத்து சென்ட் நாணயத்தை நிறுத்திப் பார்த்தார்.
பள்ளம் இருந்தால்தானே நிற்கும்.
தாளில் இரண்டு சிவப்புக் கோடு.
இருபத்தெட்டு நாள் தவணை.

டனீடினில் ஜூன் மாத மழை
மேலிருந்து மட்டும் விழுவதில்லை,
துறைமுகத்திலிருந்து பக்கவாட்டிலும் ஏறி வரும்.
தெருக்களோ
யாரோ சுவரில் சாய்த்துவைத்த ஏணிகள்.

என் வண்டிக்குப் பதினேழு வயது. வெள்ளி நிறம்.
இரண்டே இருக்கை.
அதில்தான் விடிகாலை நாலு மணிக்கு
மருத்துவமனைச் சமையலறைக்கு ரொட்டி சுடப் போகிறேன்.
பக்கத்து இருக்கையில் புளித்த மாவு வாளி.
அதற்கும் பெல்ட் போட்டால்தான்
மணியடிப்பது நிற்கும்.

விலியாமுவின் கடையில்
ரப்பர் வாசனையும் நூடுல்ஸ் வாசனையும்.
முதலில் காட்டியது
ஒன்று நானூற்று எண்பது டாலர்.
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் தாங்கும் என்று
ஓரத்தில் ஓர் எழுத்து.
நேற்று முழுக்க நான்
பால் லாரியின் பின்னால் முப்பதில் போனேன்.

"பாதி விலைக்குப் பழசு இருக்கு, நைரீ."
குனிந்து பக்கச்சுவரில் நாலு எண்களைத் தேடினேன்.
பதினொன்றாம் வாரம், இரண்டாயிரத்துப் பதினாறு.
அந்த மார்ச்சில்தான் ஃபெர்கஸுக்கு
முதல் பால்பல் விழுந்தது.
இப்போது அவன் சவரம் செய்கிறான்,
என்னிடம் மூன்று சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.
ரப்பரும் அப்படித்தான், வயதானால் இறுகும்.

மூன்றாவது டயரின் பெயரை
அதைச் செய்தவர்களே மறந்திருப்பார்கள்.
விலை மட்டும் இனித்தது.
"ஈரத்தில் எப்படி?" என்றேன்.
விலியாமுவுக்குப் பொய் வராது.
கூரையைப் பார்த்தார்.

தெரியும்,
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறேன்.
ஆனாலும் யானை தினமும் வேலைக்குப் போகிறதே,
சர்க்கஸுக்கு அல்லவே.

பிறகு அவர்
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"உனக்கு டயர் விலை பிரச்சினையில்லை.
அகலம்தான் பிரச்சினை."

முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு.
இடம் மாற்றிப் போட முடியாது,
அந்தப் பின்னளவு எங்கேயும் மலிவாகக் கிடைக்காது,
தேங்கிய தண்ணீரில் அது படகு.
நாலும் ஒரே அளவு,
ஒரு விரற்கடை ஒடுக்கம்,
பழைய வண்டி உடைக்கும் இடத்தில் சக்கரம்,
மழைக்குப் பெயர்பெற்ற நடுத்தர டயர்
ஒன்று நூற்று அறுபது.

ஒருவரிடமும் சொன்னதில்லை,
இந்த வண்டியை நான் வாங்கியது
அந்த அகலத்துக்காகத்தான்.
பின்னாலிருந்து பார்த்தால்
பாயப்போகிற ஏதோ ஒன்று
இடுப்பைத் தாழ்த்தி நிற்பதுபோல் இருக்கும்.

இரண்டு நாள் யோசித்தேன்.
மூன்றாம் நாள் ஒரு வளைவில்
வண்டியின் வால் தனியாக ஒரு யோசனை செய்தது.
மாவு வாளி என் மடியில்.

அகலச் சக்கரங்களை
மோஸ்கியல் பையன் ஒருவன் வாங்கிப்போனான்.
விலையே பேசவில்லை, தடவிக்கொண்டே இருந்தான்.
அவனுடைய காருக்கு
இன்னும் எஞ்சின் இல்லையாம்.

புது டயரில் பூனை மீசைபோல்
சின்னச் சின்ன ரப்பர் முடிகள்.
"முதல் நூறு கிலோமீட்டர் பதமாகப் போ,
மேல்தோல் வழுக்கும்," என்றார் விலியாமு.
நூற்று ஒன்றாவதில்
அதே வளைவு, அதே மழை, நாலு மணி இருட்டு.
கொஞ்சம் அழுத்தித்தான் பார்த்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
வண்டி திரும்பியது, அவ்வளவுதான்.
வாளி மூடிகூட அசையவில்லை.
நெஞ்சில் நிம்மதி,
அதனடியில் எள்ளளவு ஏமாற்றம்.

மர்டோவின் நாணயம் இப்போது
கழுத்துவரை மூழ்கி நிற்கிறது.
ரொட்டி நேரத்துக்கு வேகிறது.
மிச்சப் பணத்தில் ஃபெர்கஸுக்கு ஒரு மழைக்கோட்டு,
அதற்கு நாலாவதாக ஒரு சொல் கிடைத்தது.

வேலைக்கு வந்தால்
வண்டியை மட்டும்
பின்பக்கம் சுவரை ஒட்டி
நிறுத்துகிறேன்.